அண்ணன் வாங்கிய சலுகை

பொறியியல் கலந்தாய்வில் சேர்பவர் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணத்தை அரசே கட்டிவிடும். வீட்டுக்கு ஒருவருக்குத்தான், மூத்தவர் வாங்கிவிட்டால் இளையவருக்குக் கிடையாது. வெற்றிச்செல்விக்குப் பில் வந்தது அதனால்தான்.

“உங்க அண்ணன் அறிவரசன் வாங்கிட்டாரேம்மா. இங்கதான், மூணாம் வருசம்,” என்றார் பெரம்பலூர் கல்லூரி கிளார்க்.

“நான் ஒத்தப் பொண்ணு சார். தப்பா ஏத்திருக்கீங்க, அழிச்சா சரியாயிடும்,” என்று சிரித்தாள் அவள்.

அவளுக்கு முன் பிறந்த ஆண் குழந்தை அழாமலே போய்விட்டது. அதற்கு நினைத்து வைத்திருந்த பெயரை அம்மா அம்சவள்ளி யாரிடமும் சொன்னதில்லை.

கிளார்க் வருகைப் பதிவைப் பார்த்தார். “இன்னிக்கும் வந்திருக்காரே. அழிச்சிரவா?”

“வேணாம் சார். கம்மல வச்சாவது பில்லக் கட்டிடுறேன்,” என்றாள் அருகில் நின்ற அம்சவள்ளி. “அவனுக்கு கிளாஸ் எத்தன மணிக்கு விடும்?”