பால் பூத் வரைக்கும்

மஞ்சரி மாரத்தான் ஓடி முடித்து இரண்டு மாதமாக இடது ஷூ அலமாரியின் அடித்தட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. ஓடிய நேரத்தைக் குறித்த சிப் இன்னும் அதன் கயிற்றிலேயே இருந்தது. அது போய்விட்டால் நாமும் சாதாரண ஷூதானே என்று அதற்கு உள்ளூரப் பயம்.

ஒருநாள் காலையில் மஞ்சரி வந்து சிப்பைக் கழற்றி வைத்தாள். ஷூக்களை மாட்டிக்கொண்டு ஓடத் தொடங்கியவள், பால் பூத் வருவதற்குள் மூச்சு வாங்கிக் குனிந்து நின்றுவிட்டாள்.

"நாற்பத்திரண்டு கிலோமீட்டர் ஓடினவங்கடா நாம," என்று முனகியது இடது ஷூ. "பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

"பால் வாங்க வந்திருக்கோம்னு நினைப்பாங்க," என்றது வலது ஷூ. "அதை விடு. அன்னைக்கு நீ இறுக்கினதுல அவ கட்டைவிரல் நகமே விழுந்துபோச்சு. அது தெரியுமா உனக்கு?"

இடது ஷூ மெல்லத் தடவிப் பார்த்தது. காலுறைக்கு அடியில் அரிசி அகலத்துக்குப் புது நகம் தட்டுப்பட்டது. அது சத்தமில்லாமல் தன் முன்பக்கத்தைத் தளர்த்திக்கொண்டது.

மஞ்சரி நிமிர்ந்தாள்.

"அந்த வேப்பமரம் வரைக்கும் போவாளா?" என்று இடது ஷூ கேட்டது.

"நீ கிள்ளாம இருந்தா போவா."

சொல்லும்போதே வலது ஷூ ஓரடி முன்னால் போயிருந்தது. இடது ஷூ அதைத் தாண்டிப் போய், மண்ணில் மெதுவாகப் பதிந்தது.