பெரியவனுக்கும் சின்னவளுக்கும் கீரை

“முட்டைக்கோஸ் வேண்டாம்னு அன்னிக்கே சொன்னேனே! பெரியவனுக்கு வயிறு ஊதிக்கும்” என்றாள் அவள்.

“இல்ல, சும்மா கையில எடுத்துப் பாத்தேன்” என்று அவன் அதைத் திரும்ப வைத்துவிட்டான்.

“சின்னவ எப்படி இருக்கா? புதுக் கீரை ஒத்துக்கிச்சா?”

“அவளுக்கு என்ன, ராணி மாதிரி இருக்கா.”

தராசுக்குப் பின்னாலிருந்த கீரைக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “ரெண்டு முயலுக்கு வாரம் எட்டுக் கட்டா? நல்லாப் பாருங்க தம்பி, கூண்டுக்குள்ள மாடு கீடு இருக்கப்போகுது.”

அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான், நெற்றி வியர்த்தது. பெரியவனும் கிடையாது, சின்னவளும் கிடையாது. அவன் வீட்டில் நாலு கால் உள்ளது சாப்பாட்டு மேசை ஒன்றுதான்.

எல்லாம் ஏழு வாரத்துக்கு முந்தைய ஒரு சனிக்கிழமையின் கைங்கரியம். அச்சகத்தில் பிழை திருத்துவது அவன் தொழில். பிறர் எழுத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தூக்கம் வராது. அன்று பனி கொட்டும் ஏதோ ஒரு தேசத்து நாவலின் பாதியில் மனசை விட்டுவிட்டு, உடம்பை மட்டும் கடைக்குக் கொண்டுவந்திருந்தான். கையில் எதற்கென்றே தெரியாமல் ஒரு கட்டு கேரட் தழை.

எதிர்வரிசைக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள் பக்கத்தில் வந்து நின்றாள். அவளிடம் நாலு வார்த்தை பேசுவதற்காக, ஆறு மாதமாகத் தன் மூக்குக்கண்ணாடியின் திருகைத் தானே தளர்த்திக்கொண்டு போய், இறுக்கித் தரச் சொல்லி நிற்கிறவன் அவன்.

“முயலுக்கா?” என்றாள்.

“ஆமா” என்றான். அதோடு நிறுத்தித் தொலைத்திருக்கலாம். “ரெண்டு” என்றான்.

“அட, எங்கிட்டயும் ரெண்டு இருக்கு!”

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும் பாடம் நடந்தது. “தண்டை ஒடிச்சுப் பாருங்க. பட்டுனு ஒடிஞ்சா இன்னிக்குப் பறிச்சது, வளைஞ்சா பழசு.” “கழுவி எடுத்து வைக்காதீங்க, அழுகிடும். குடுக்கறதுக்கு முன்னாடி கழுவினாப் போதும். உலர்ந்த துணியில சுத்தி, டப்பாவுல போட்டு, ஃப்ரிட்ஜோட அடித்தட்டுல வைங்க. துணி ஈரமானா மாத்திடுங்க.” பசலை தினமும் கூடாது, வெங்காயத்தாள் பக்கமே போகக் கூடாது. எல்லாம் ஒரு பிழையுமில்லாமல், பத்தி பிரித்த மாதிரி அவள் வாயிலிருந்து வரும். பிழை திருத்துகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? சொக்கிப்போனான்.

தானும் நாலு விஷயம் தெரிந்துகொண்டு அசத்தலாம் என்று போன வாரம் நூலகத்துக்குப் போனான். முயல் வளர்ப்பு பற்றி அங்கே இருந்தது ஒரே ஒரு புத்தகம். “அது வெளிய போயிருக்குங்க. ஒன்றரை மாசமா யாரோ தேதியை நீட்டிக்கிட்டே இருக்காங்க” என்றார் நூலகர். ஊரில் தன்னைத் தவிர இன்னொரு கிறுக்கும் இருக்கிறது என்ற ஆறுதலோடு திரும்பினான்.

வாங்கிய கீரை? அதைத் தின்றதும் அவன்தான். அவள் சொன்னபடி துணியில் சுற்றி, அவள் சொன்னபடி டப்பாவில் வைத்து, அவள் சொன்னபடி அவ்வப்போது கழுவி, காலையும் மாலையும் மென்றான். ஒரு நாள் அம்மா ஃப்ரிட்ஜைத் திறந்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “எந்த டாக்டர்டா இப்படிச் சொன்னான்? எதுக்கும் காதைத் தொட்டுப் பாத்துக்க, நீண்டிருக்கப் போகுது.”

இன்றைக்கு, கொத்தமல்லிக் கட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

“உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, வீட்லதான இருப்பீங்க?”

அவனுக்குப் புரிந்துவிட்டது. முயலைப் பார்க்க வருகிறேன் என்று சொல்லப்போகிறாள்! செத்துப்போச்சு என்று சொல்லலாமா? ரெண்டுமா? அழுதுவிடுவாள். ஓடிப்போச்சு என்றால்? வாங்க தேடலாம் என்பாள். நாவல்களில் இந்த இடத்தில் பொய்யன் ரயிலேறித் தூரதேசம் போய்விடுவான். இவன் கையில் பயணச்சீட்டு இல்லை, புதினாதான் இருந்தது.

இன்னொரு பொய் சொன்னால் இனி அவள் முகத்தில் விழிக்க முடியாது. உண்மையைச் சொன்னாலும் அதே கதிதான். கண்ணாடித் திருகை வேறு கடையில்தான் இறுக்க வேண்டியிருக்கும். இருந்தாலும் உண்மையே தேவலை என்று தொண்டையைச் செருமினான்.

“நான் உங்ககிட்ட ஒரு விஷயம்...”

“இருங்க, முதல்ல நான் சொல்லிடறேன். இல்லன்னா எனக்குத் தைரியம் போயிடும்.”

அவள் தன் பைக்குள் கையை விட்டு, நூலக முத்திரை குத்திய மெல்லிய புத்தகம் ஒன்றை வெளியே எடுத்தாள். அட்டையில் காதை விடைத்துக்கொண்டு ஒரு முயல்.

“எங்கிட்ட இருக்கிற ஒரே முயல் இதுதான். அன்னிக்கு உங்ககிட்டப் பேச்சுக் குடுக்கணும்னு வாயில வந்ததச் சொல்லிட்டேன். அதோட விட்டேனா, எங்க அக்கா பொண்ணுகிட்டயும் போன்ல அளந்து வெச்சுட்டேன். நாளைக்கு முயல் பாக்க வர்றா. நாலு வயசுதான் ஆகுது, ஏமாந்துடுவா.”

கடைக்காரருக்குக் கேட்டுவிடக் கூடாதென்று அவள் இன்னும் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினாள்.

“உங்க பெரியவனையாவது சின்னவளையாவது, ஒரே ஒரு நாளைக்கு எனக்குத் தர்றீங்களா?”