டிவியில் வந்த புடவைக்காரி

"குழாயில சொட்டுத் தண்ணியில்ல, உனக்கு மாலை ஒரு கேடா?"

மாலையும் கழுத்துமாக வந்த கவுன்சிலரை ஒரு புடவைக்காரி கிழித்தெடுத்த வீடியோ திருப்பதி முழுக்கச் சுற்றி, டிவியிலும் வந்துவிட்டது. விடிந்ததும் தெருவுக்குத் தண்ணி லாரி வந்தது. பின்னாலேயே கான்ஸ்டபிளும் வந்தார்.

"திட்டின பொம்பள இந்த வூடுதானாமே? டிவி பார்த்துட்டு பெரிய சார் இட்டுக்கினு வரச் சொன்னாரு."

கதவைத் திறந்த மஞ்சு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

முகத்து மஞ்சளைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தான், அவள் புருஷன் திலீப்.

"கங்கம்மா ஜாத்திரைக்கு நேர்ந்துக்கினு கட்டின பொம்பள வேஷம் சார்."

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். "ஜாத்திரை வேஷத்துல திட்டினா ஆத்தாளே திட்டினாப்பல. ஆத்தா மேல எவன் கேஸ் போடுவான்?"

மஞ்சுவுக்குப் போன உயிர் வந்தது.

வாசல்வரை போனவர் திரும்பினார். "நாளைக்கும் வேஷம் கட்டுவியாப்பா? எங்க குவார்ட்டர்ஸ்லயும் தண்ணி வர்ல."