எழுபத்தாறு கிலோ

அழைப்பு மணி அலறியது. கதவைத் திறந்தவள், சைக்கிள் கடை மெக்கானிக்கைக் கண்டதும் பொரிந்து தள்ளினாள்.

"மொதல்ல இந்த உடற்பயிற்சி சைக்கிளை ஹாலை விட்டுத் தூக்குங்க! மூணு மாசமா மிதிச்சு முட்டி தேஞ்சதுதான் மிச்சம். ஒரு கிலோ கூட இறங்கலை!"

"சைக்கிள் என்ன பண்ணும்? வாயைக் கட்டணும்" என்றான் கணவன், சோபாவில் சாய்ந்து தொப்பையைத் தடவியபடி.

"இதுக்கு மேல எதைக் கட்டறது? தண்ணி ஒண்ணுதான் பாக்கி!" அவன் மீதும் பாய்ந்தாள்.

"எடை மிஷின்ல ஒரு தடவை ஏறுங்கக்கா" என்றார் மெக்கானிக்.

மூக்குக்கண்ணாடிக்கும் கனம் உண்டு என்பது அவள் கட்சி. வழக்கம்போல் அதைக் கழற்றிவிட்டு ஏறினாள். எடையைப் படித்துச் சொல்வது எப்போதும் கணவன்தான்.

"இரு, நான் பாக்கறேன்!" என்று அவன் ஓடி வருவதற்குள் மெக்கானிக் குனிந்துவிட்டார்.

"எழுபத்தொண்ணு."

"காலைலகூட எழுபத்தாறுன்னாரே!"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளே பார்த்தாள். எழுபத்தொன்றேதான். நிமிர்ந்து கணவனை எரிப்பதுபோல் முறைத்தாள்.

"பின்னே? நீ எழுபதுக்கு இறங்கிட்டா மறுநாள்லேருந்து நான் மிதிக்கணும்னு சத்தியம் வாங்கி வச்சிருக்கியே!"