வலது கால்

கண்ணுச்சாமியின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார் சேக் இஸ்மாயில். முழங்காலுக்குக் கீழே எந்த இடத்தில் ஒடிந்தால் ஒருவன் ஆயுசுக்கும் நொண்டுவான் என்று அவருக்குத் தெரியும். அவர் கால் ஒடிந்ததும் அதே இடத்தில்தான்.

கோரிப்பாளையத்துப் பட்டறை வாசலில் காண்ட்ராக்டர் கண்ணுச்சாமி மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டிருந்தான். சட்டை நனைந்ததுதான் மிச்சம். வண்டி இருமக்கூட இல்லை.

உள்ளபடி அது இஸ்மாயிலின் வண்டி. சண்டை முடிந்து பட்டாளத்தில் கழித்துப்போட்ட இரும்பை ஏலத்தில் எடுத்து, பாகம் பாகமாகத் தேடி அவர் கோத்தது. கண்ணுச்சாமி விலைக்குக் கேட்டான். தர மாட்டேன் என்றார். மறுநாள் அவன் ஆட்கள் உலக்கையோடு வந்தார்கள். வண்டியும் போனது, காலும் போனது. பாய் தானே வழுக்கி விழுந்தார் என்று ஸ்டேஷனில் எழுதிக்கொண்டார்கள்.

இப்போது அதே வண்டியை அவரிடமே தள்ளிக்கொண்டு வந்திருக்கிறான். வெட்கமாவது, மானமாவது.

"இந்த எஞ்சின் ஒன் கைக்குத்தான் படியும்ங்கிறாங்க பாய். பழச மனசுல வச்சுக்காத" என்றான்.

"அதெல்லாம் ஒண்ணுமில்ல மொதலாளி. என்ன கோளாறு?"

"கல்லு மாதிரி கெடக்குய்யா. ஒரு வகையில நல்லதுதான். பூட்டு வேணாம், சங்கிலி வேணாம். ஆரப்பாளையத்துல ரோட்டுலயே நிறுத்திட்டுக் காபி கிளப்புக்குள்ள போயிருவேன். நம்மளத் தவிர எவன் அத உதைச்சுக் கிளப்புவான்? ஆனா மகனுக்குப் பொண்ணு பாக்கக் கொட்டாம்பட்டி போகணும். சம்பந்தி வாசல்ல நின்னு இப்பிடி மூச்சு வாங்குனா மானம் போயிரும்."

"எம்புட்டு லேசாப் பண்ணணும்?"

"எம்புட்டு முடியுமோ அம்புட்டு."

"சாயங்காலம் வாங்க."

அவன் தலை மறைந்ததும் பின்கட்டின் சாக்குத் திரை விலகியது. மனைவி நஜ்முன்னிசா நின்றிருந்தாள். ஒடிந்த காலுக்கு எண்ணெய் போட்டுப் போட்டு அவள் மனசு இறுகிப்போயிருந்தது.

"அல்லா அவனை ஒங்க கையிலயே கொண்டாந்து விட்டிருக்கான். எஞ்சினுக்குள்ள நெருப்புப் பொறி முந்தி விழுந்துட்டா வண்டி திருப்பி உதைக்கும், காலு ஒடிஞ்சிரும்னு நீங்கதானே சொல்வீங்க? முந்த வச்சிருங்க."

இஸ்மாயில் திருப்புளியை எடுத்தார். பொறி விழும் நேரத்தை மாற்ற ஒரு திருகு போதும். கண்ணுச்சாமி அந்தத் தெருப் புழுதியில் கிடந்து துடிப்பதை அவர் மனசுக்குள் ஆசைதீரப் பார்த்தார். பிறகு அந்தத் திருகை எதிர்ப்பக்கம் திருப்பினார். இனி பொறி பிந்தித்தான் விழும். யார் காலையும் வண்டி உதைக்காது.

மீதி வேலை சின்னதுதான். உதைக்கும்போது எஞ்சினுக்குள் இறுகும் காற்றைக் கொஞ்சம் வெளியே விடுவதற்குக் கைப்பிடியில் ஒரு பிடி உண்டு. வண்டியைப் பறித்துத் தூக்கிய அன்று அதன் கம்பி அறுந்துவிட்டது. அதுகூடத் தெரியாமல் இத்தனை நாளாக எருமை மாதிரி உதைத்துக்கொண்டிருந்திருக்கிறான். இஸ்மாயில் புதுக் கம்பி கோத்தார், பிளக்கைச் சுரண்டித் துடைத்தார். எழுந்து நின்று, கோணலாகக் கூடிய தன் வலது காலை மிதிகட்டையில் வைத்தார்.

"அந்தக் காலாலயா? வலிக்கும்ங்க."

"இந்தக் காலுக்குக் கிளம்புனா எந்தக் காலுக்கும் கிளம்பும்."

மிதித்தார். வண்டி கிளம்பவில்லை, அவர் கண்ணில்தான் தண்ணீர் வந்தது. மறுபடி உட்கார்ந்தார், திருகினார், மறுபடி மிதித்தார். வெயில் சாயும் நேரத்தில், தையல் மெஷினை மிதிப்பதுபோல அந்தக் கால் லேசாக இறங்கியது. வண்டி படபடவென்று கிளம்பியது.

"ஒங்களுக்கு ரோஷமே இல்லையா?" என்றாள் நஜ்முன்னிசா.

"அவன் காலு எனக்கெதுக்கு?" என்றார். அவள் திரையை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் கண்ணுச்சாமி வந்தான். பிடியை அழுத்தி மெதுவாக மிதிக்கும் பதத்தை இஸ்மாயில் சொல்லிக்கொடுத்தார். ஒரே மிதி, வண்டி உறுமியது. அவனுக்கு வாயெல்லாம் பல்.

"பொழைக்கத் தெரிஞ்ச ஆளுய்யா நீ" என்று முதுகில் தட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் ஆரப்பாளையத்தில், வழக்கம்போல வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டுக் காபி கிளப்புக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் வெளியே ஒரு வண்டி ஒரே மிதியில் கிளம்பும் சத்தம் கேட்டது. காண்ட்ராக்டர்தான் புறப்படுகிறார் என்று தெருவில் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காண்ட்ராக்டரோ, 'நம்ம வண்டி மாதிரியே எவனோ ஒண்ணு வாங்கிட்டான்போல' என்று நினைத்தபடி இன்னொரு காபி கொண்டுவரச் சொன்னான்.

வெளியே வந்து பார்த்தவன் நேரே ஸ்டேஷனுக்கு ஓடினான்.

"யாரு மேல சந்தேகம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"கோரிப்பாளையத்து இஸ்மாயில்தான். வேற எவனும் இல்ல."

"ஒங்களத் தவிர எவனும் அத உதைக்க முடியாதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சது நீங்கதானே?"

"அவன்தான்யா நேத்து லேசாக்கிக் குடுத்தான்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஒங்க ஆளுக ஒடிச்ச கால வச்சுக்கிட்டு அவன் எப்பிடிய்யா மிதிப்பான்?"