எதுவும் விடாத தட்டு

எதுவும் விடாத தட்டும் பச்சையாக ஒளிர்ந்தது.

ஜெசிந்தா நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்தாள். பச்சைதான்.

இது மூன்றாவது தடவை. நாளை மறுநாள் ஆய்வுக் குழுவிடம் இதைக் காட்டியாக வேண்டும்.

சோதனை ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஒரே ஆளின் ரத்த அணுக்களை இரண்டு தட்டில் பிரிக்க வேண்டும். ஒன்றில் ஸ்டைரீன் என்ற ரசாயனத்தைக் கொஞ்சம் விட வேண்டும். இன்னொன்றில் எதுவும் விடக் கூடாது. விஷம் பட்ட அணு பதறிப்போய், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு புரதத்தை உண்டாக்கும். சாயம் போட்டால் அந்தப் புரதம் பச்சையாகத் தெரியும். விஷம் படாத அணு பேசாமல் இருட்டாகக் கிடக்க வேண்டும்.

கிடக்க மாட்டேன் என்கிறது.

"நீ தட்டை மாத்தி வெச்சிருப்பேம்மா. வேற யாரோட ரத்தத்தையாவது போட்டுப் பாரு" என்றார் வழிகாட்டி ஸ்ரீரங்கன்.

பக்கத்து மேசை ஷாகிரா கையை நீட்டினாள். ஸ்டைரீன் புட்டியைத் திறந்தாலே மூக்கைப் பொத்திக்கொள்கிறவள் அவள். ஜெசிந்தாவை அந்த நெடி முதல் நாளிலிருந்தே உறுத்தவில்லை. ஏனென்று அவளும் யோசித்ததில்லை.

ஷாகிராவின் அணுக்கள் சமர்த்தாக இருட்டில் கிடந்தன.

அப்படியானால் கை சரி, சாயம் சரி, கருவியும் சரி. பிறகு அந்த அணுக்கள் எதைக் கண்டு இப்படிப் பயப்படுகின்றன? அவளுக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அழுகைதான் வந்தது.

ரத்தம் கொடுத்தவரின் படிவத்தை எடுத்தாள். வயது ஐம்பத்திரண்டு. பட்டினப்பாக்கம். பீடி, குடி கிடையாது. மீன்பிடித் தடைக்காலம், டீசல் புகைகூடப் படாது என்றுதான் அவரைத் தேர்ந்தெடுத்தாள்.

போன் போட்டாள்.

"கடலுக்கே போவலியே பாப்பா. மூணு வாரமா போட்டுக்கு ஃபைபர் ஒட்டி, ரெசின் பூசிக்கினு கீறேன். நீ சாப்ட்டியா?" என்றார் லாசர்.

போனை வைத்துவிட்டு ஜெசிந்தா ஸ்டைரீன் புட்டியின் மூடியைத் திறந்தாள்.

சின்ன வயதில், ஒவ்வொரு மே மாதமும், அப்பா அவளைத் தூக்கிக்கொள்ளும்போது சட்டையில் அடிக்கும் அதே வாசனை.

படிவத்தின் கடைசிக் கேள்வி: கடந்த ஒரு மாதத்தில் ஏதாவது ரசாயனத்தைக் கையாண்டீர்களா?

'இல்லை' என்று டிக் அடித்திருந்தது அவள்தான். அப்பாவைக் கேட்காமலேயே.