முப்பது அடி ஒயர்

"உங்க அண்ணன் வீட்டுலேர்ந்து முப்பது அடி ஒயர் இழுத்தா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் எதுக்குய்யா சோலாரு?"

சோலார் இன்ஜினியர் பட்டென்று கேட்டுவிட்டாள்.

படகுக்காரர் அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அந்த ஆளு வீட்டு கரண்ட் என் படகுக்கு வேணாம். உன்னால முடியுமா முடியாதா, அதைச் சொல்லும்மா."

போன மாதம் வரை அண்ணன் வீட்டு லைனில்தான் படகைத் தூக்கும் லிஃப்ட் ஓடியது. ஒருநாள் தெருவே வேடிக்கை பார்க்க, தம்பி காச்மூச்சென்று கத்தி, ஒயரைப் பிடுங்கி எறிந்தாராம். அதுவும் உடம்புக்கு முடியாமல் வீட்டோடு கிடக்கிற அண்ணனிடம்! என்ன மனுஷனோ.

படகுத்துறையில் மின் இணைப்பு கிடையாது. வெள்ளிக்கிழமையிலிருந்து காற்றுக் காலம் வேறு. தினமும் சாயங்காலம் படகைத் தண்ணீரை விட்டுத் தூக்கி வைக்காவிட்டால், அலை அதைத் தூணில் மோதி மோதியே சுக்குநூறாக்கிவிடும். ஆள் ஏற்றிப் பிழைக்கிறவருக்கு அந்த ஒரு படகுதான் சோறு.

"ஊரான் வீம்புக்கெல்லாம் நான் கணக்குப் போடணும்னு என் தலையெழுத்து," என்று முணுமுணுத்துக்கொண்டே நோட்டைத் திறந்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விடுகிற ரகம் இல்லை அவள்.

"ஒரு தடவை தூக்க எத்தனை நிமிஷம்?"

"நாலு."

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை?"

"காலையில இறக்கணும், சாயங்காலம் ஏத்தணும். அவ்வளவுதான்."

"அப்போ ரெண்டு பேட்டரி தாராளம்."

"நாலு வை. மூணு நாள் வெயிலே வரலைன்னாலும் ஓடணும். 'இன்னிக்கு ஒருநாள் மட்டும் அண்ணன்கிட்ட கேப்போம்'கிற நிலைமை வரவே கூடாது."

அடேயப்பா, என்ன வைராக்கியம்!

துறையின் நுனியில், நிழல் விழாத இடமாகப் பார்த்துக் கம்பம் நட்டுப் பேனல் ஏற்றினாள். புதன்கிழமை சோதித்தபோது மோட்டார் ஒரு முக்கு முக்கிவிட்டு நின்றுபோனது. கிளம்பும்போது மோட்டார் இழுக்கிற இழுப்பை அவள் கணக்கில் குறைத்துப் போட்டிருந்தாள். தன்னையே திட்டிக்கொண்டு, மறுபடி கணக்குப் போட்டு, பெரிய இன்வெர்ட்டராகக் கொண்டுவந்து மாட்டினாள்.

வியாழக்கிழமை, விளக்கு வைக்கிற நேரம். சுவிட்சைத் தட்டினாள். படகு சொட்டச் சொட்ட மேலே ஏறியது.

"பாருங்கய்யா, ஏறிடுச்சு!"

படகுக்காரர் படகைப் பார்க்கவில்லை. அண்ணன் வீட்டு ஜன்னலையே வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "முடியாத மனுஷன் பார்த்து வயிறெரியணும்னுதான் இத்தனை பாடா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்!"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அங்க லைட்டு கொஞ்சம்கூட மங்கலைம்மா."

"எப்படி மங்கும்? இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லையே!"

"அண்ணனுக்கு மூச்சு விட மெஷின் வெச்சிருக்காங்க. அதுவும் என் லிஃப்டும் சேர்ந்து ஓட அந்த லைன் தாங்காது. தெனமும் நான் படகு ஏத்தற நேரம் பார்த்து, அவரா தன் மெஷினை அணைச்சிட்டு நாலு நிமிஷம் தவிச்சிருக்கார். போன மாசம் அண்ணி சொல்லி அழுதப்பதான் எனக்கே தெரியும்."

"அதை அவர்கிட்டயே பக்குவமா எடுத்துச் சொல்லியிருக்கலாமே?"

"சொல்லாம இருப்பேனா? 'நாலு நிமிஷம்தானேடா, உன் பொழப்பு கெடக்கூடாது'ங்கிறார். ஒயரைக் கழட்டவே விடலை. அப்புறம்தான் சண்டை போட்டேன். என்னைத் திட்டிக்கிட்டாவது மூச்சு விடட்டும்மா."